வீட்டுக்கு அடியில் ஒரு கேஸ் டேங்க்

“...டேங்கே இல்ல தாயி, பெயின்ட்டு. நாலஞ்சு கோட்டு பெயின்ட்டு ஒண்ணை ஒண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு உருண்டையா நிக்குது. இதுல வெல்டிங் வைக்க என்னால முடியாது. ஒருத்தனும் வைக்கக் கூடாது” என்றார் பட்டறை பாய்.

கேள்வி கேட்டது என் வீட்டுக்காரர். பதிலைப் பாய் என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த மாதம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கோ நிறைமாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி எதிர்த்துப் பேசமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை போலிருக்கிறது.

எட்டயபுரம் ரோட்டில் இருந்தது பாயின் பட்டறை. டேங்கை இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தோம். அதற்குள் பாய் வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரை வாய்வரை நிரப்பி, உள்ளே மிச்சமிருந்த கேஸை விரட்டியிருந்தோம். அதைச் செய்யாமல் பக்கத்தில் வரவே மாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். தண்ணீர் நிரம்பியபின் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல் டேங்கைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். மேல்பக்கம் கெட்டியாகக் கேட்டது. அடிப்பக்கம் போகப் போகச் சத்தம் செத்துக்கொண்டே வந்தது. நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார். சிவப்பு பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன் பிறகுதான் அந்தப் பேச்சு.

பட்டறை வாசலில் எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டி என்று ஊரார் சொல்வார்கள். எங்களுக்கு அது வீடு.

எழுபதுகள் முடிகிற நேரம். அந்த வண்டி கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது. ஒரு வெள்ளைக்கார டாக்டரும் அவர் மனைவியும் அதிலேயே குடியிருந்து, கரிசல்காட்டு ஊர்களுக்கெல்லாம் போய் வைத்தியம் பார்த்தார்கள். வயதாகி அவர்கள் தேசத்துக்குத் திரும்பும்போது, கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அதை விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே கட்டில் உண்டு, அலமாரி உண்டு, கை கழுவத் தொட்டி உண்டு, இரண்டு பர்னர் அடுப்பு உண்டு. கேஸில் ஓடும் ஒரு ஃப்ரிட்ஜும் உண்டு. கரண்டே இல்லாத ஊருக்குக் குழந்தைகளின் ஊசி மருந்தைக் கெடாமல் கொண்டுபோக அதை விட்டால் வேறு வழி கிடையாது. ஃப்ரிட்ஜின் அடியில் விரல்நுனி அளவு நீலத் தீ எரியும், மேலே குளிரும். ஒரு ஊரில் ஒரு மருமகள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “நெருப்பு வச்சா குளிருதாக்கா? எங்க மாமியாளை இதுக்கு அடியில கொஞ்ச நேரம் உக்கார வைங்க” என்றாள். பக்கத்தில் நின்ற மாமியார், “மொதல்ல நீ உக்காரு, வாயாவது குளிரட்டும்” என்றாள். இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்பதற்கே பிறந்தவள்போல நான் அந்த வண்டியில் இருப்பேன்.

என் வீட்டுக்காரர்தான் அதற்கு டிரைவர். நான் பாத்திரம் கழுவி, ஊசி கொதிக்க வைத்து, நர்ஸம்மாவுக்குக் கூடமாட நிற்பேன். கேம்ப் இல்லாத நாட்களில் அதிலேயே நாங்கள் குடியிருந்துகொள்ளலாம் என்று ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மா அனுமதி கொடுத்திருந்தார்கள். அது எங்களுக்கு எவ்வளவு பெரிய தயவு என்று சொல்ல வேண்டும். இவர் கிறிஸ்தவர். நான் இந்து வீட்டுப் பெண். வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அவர் வீட்டில் நான் ஞானஸ்நானம் எடுத்தால் வாசல்படி ஏறலாம் என்றார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்தியபின், சக்கரம் வைத்த ஒரு கதவு எங்களுக்குத் திறந்தது.

டேங்க் வண்டிக்கு அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்கும். வண்டியோடு ஒன்றாகப் பொருத்திய டேங்க் என்பதால் கேஸ் கம்பெனிக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள். “எங்க சிலிண்டரா இருந்தா மாத்தித் தருவோம். இது எங்க வீட்டுப் பிள்ளை இல்ல” என்று ஒருவர் சொன்னார். அதனால் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மதுரையிலிருந்து லாரியில் வரும் சிலிண்டரை, ஆஸ்பத்திரி வேப்பமரக் கிளையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார். லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளை மூக்கு ஒன்றை மாட்டி, ரப்பர் குழாய் வழியாக டேங்குக்கு இறக்குவார். மேலே இருந்து கீழே தானாக இறங்கும். அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் அக்கம்பக்கத்தில் இருக்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அங்கே குச்சி அடுக்கும் பெண்கள் டீக்கு வெளியே வரும்போது சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி சத்தமாக, “ஏக்கா, ஒங்க வீட்டுக்கு அண்ணன் புட்டிப்பால் குடுக்குதாவ பாரு” என்பாள். எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு, “பழகிக்கிடட்டும், பழகிக்கிடட்டும்” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

டேங்கைக் கெடுத்தது கரிசல் மண். செம்மண் ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. மழை பெய்த கரிசல்காட்டில் வண்டி போனால் சக்கரத்தோடு ஊரே ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் களிமண் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் போய் அப்பிக்கொள்ளும். வெளியே காய்ந்து கல்லாகிவிடும். உள்ளே மாதக்கணக்கில் ஈரம் விடாது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் இவர் அடியில் படுத்து, மரக்குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சிவப்பு பெயின்ட் அடிப்பார். பட்டையைக் கழற்றித் தேய்த்திருக்க வேண்டும். கழற்றினால் போல்ட் ஒடிந்துவிடும், வேறு போல்ட் கிடைக்காது என்று பயம். அதனால் பட்டைக்கு இரண்டு பக்கமும் பளபளவென்று பெயின்ட். பட்டைக்கு அடியில் என்ன நடந்தது என்று டேங்குக்கு மட்டுமே தெரியும்.

கசிவு எப்போது ஆரம்பித்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தச் சுவர். தீப்பெட்டி ஆபீசில் குச்சியை மருந்தில் முக்கும் நாட்களில் ஒரு நாற்றம் வரும். கந்தகமும் பசையும் மெழுகும் கலந்து, எங்களுக்குச் சோற்று வாசனை மாதிரி பழகிப்போன நாற்றம். கேஸ் நாற்றம் வந்தபோது, இன்றைக்கு மருந்து கொஞ்சம் கூடுதல் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அந்தப் பக்கத்துப் பெண்களோ என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஒருநாள் அதே பெண் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “ஏக்கா, கொழம்புக்கு வெள்ளைப்பூடு கூடையோட தட்டுதீங்களோ? எங்க மருந்து நாத்தமே தோத்துப்போச்சு” என்றாள். “நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலட்டி” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஊருக்கே போதுமான தீக்குச்சி இருந்தது. எங்களுக்கு நடுவில் கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பூண்டைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் ஒரு ஊருக்குக் கேம்ப் போனோம். சுற்றிலும் பருத்திக்காடு. தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கியதும் அதே நாற்றம். நர்ஸம்மா மூக்கைச் சுளித்து, “என்ன டிரைவர், தீப்பெட்டி ஆபீசையும் ஏத்திக்கிட்டு வந்துட்டீங்களா?” என்றார்கள். இவர் சிரிக்கவில்லை. நேராக வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

அங்கே அவர் செய்தது லாரி டிரைவர் யாராக இருந்தாலும் செய்யக்கூடிய வேலை. லாரியில் டீசல் டேங்க் ஒழுகினால், பார் சோப்பை எடுத்துக் கசிவில் அழுத்தித் தேய்ப்பார்கள். டீசலில் சோப்பு கரையாது. அடைத்துக்கொண்டு பம்பாய்வரைகூடப் போய்விட்டு வரலாம். பத்து வருஷம் லாரி ஓட்டிய கை அது. என் துணி சோப்பை வாங்கி, பட்டை ஓரமெல்லாம் தேய்த்து அடைத்தார். நாற்றம் நின்றது. எங்களுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் டீசல் சும்மா கிடக்கும். கேஸ் சும்மா கிடக்காது. அது உள்ளிருந்து முட்டிக்கொண்டே இருக்கும். அடுத்த வெயிலுக்கு டேங்க் சூடானதும் சோப்பைத் துப்பிவிட்டது. மறுபடி தேய்த்தார். மறுபடி துப்பியது. ஒரு சோப்பில் பாதி என் சேலைக்கும் பாதி டேங்குக்கும் என்று கொஞ்ச காலம் ஓடியது. யாரிடமும் சொல்ல வேண்டாம், நானே சரிசெய்துவிடுகிறேன் என்றார். சொன்னால் வண்டி போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

மேட்ரன் அம்மாவுக்கு மூக்கு உண்டு. ஒருநாள் காலையில் மருந்து எடுக்க வண்டிக்குள் ஏறியவர்கள் அப்படியே இறங்கினார்கள். சத்தம் போடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அங்கன தீப்பெட்டி மருந்து, இங்கன கேஸ், நடுவுல நீ. ஒன் வயித்துல ஒண்ணு. இதைத் தெரிஞ்சும் நான் ராத்திரி படுத்துத் தூங்கணும்னா எனக்கு நெஞ்சு கல்லா இருக்கணும்” என்றார்கள். பிறகு இவரிடம், “டேங்கை நல்லாக்கிக் கொண்டாங்க. நல்லாக்கின ஆளு என் முன்னால வந்து நின்னு, இனி பயமில்லைன்னு சொல்லணும். இல்லைன்னா ஆஸ்பத்திரி கமிட்டி வண்டியை எடைக்குப் போட்டுரும். கேஸ் இல்லாத வண்டியை வச்சு ஊசி மருந்தை எங்க வைக்க, என் மடியிலயா?” என்றார்கள். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தப்பில்லாததால்தான் அழுகை அப்படி வந்தது.

அதன் பிறகு இரண்டு அலைச்சல். காலையில் டேங்குக்கு ஆள் தேடுவது. சாயங்காலம் வீடு தேடுவது.

முதலில் லேத் பட்டறைக்காரர் வால்வுதான் போயிருக்கும் என்று சொல்லி, புது வால்வு கடைந்து போட்டார். சோப்புத் தண்ணீரைக் கலக்கி, ஷேவிங் பிரஷ்ஷால் வால்வைச் சுற்றித் தடவினோம். ஒரு குமிழி இல்லை. எங்களுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. பிறகு அதே பிரஷ்ஷைக் கீழே பட்டை ஓரத்தில் வைத்தார். பொங்கல் பானை மாதிரி நுரை பொங்கியது. லேத்காரர் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார். இருந்த கேஸை வெட்டவெளியில் திறந்துவிட்டபின், இவரே பட்டையைக் கழற்றி டேங்கை இறக்கினார். பயந்த மாதிரியே போல்ட் ஒடிந்தது. டேங்கை வண்டிக்குள், எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடத்தி, வெல்டிங் பட்டறை பட்டறையாகப் போனோம். ஒருவர், “பாடி வேலைன்னா கொண்டாங்க, பாடையேறுத வேலைக்கு நான் வரலை” என்றார். இன்னொருவர் கல்லாவில் இருந்த சாமி படத்தைக் காட்டி, “அவிய கையெழுத்து போட்டுத் தந்தா வைக்கேன்” என்றார். அவர்கள் பேச்சை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் இறங்கியதும், இன்னும் எத்தனை பட்டறை மிச்சம் என்று விரல்விட்டு எண்ணினேன்.

வீடு தேடின கதை இன்னும் மோசம். ஒரு தெருவில் ஒரு அம்மா என் வயிற்றைப் பார்த்ததும் மோர் கொடுத்து உட்கார வைத்தாள். “தலைப்பிள்ளையா? கெழக்கு பாத்த ரூம்பு, பிள்ளைக்கு நல்லது” என்று உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். வெளியே வந்தபின், “அப்ப, நீங்க எந்த ஆளுக?” என்றாள்.

இவர், “மனுச ஆளுகதான்” என்றார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. மோர் குடித்த டம்ளரை என் கையிலிருந்து வாங்காமல், கீழே வைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

இன்னொரு இடத்தில் கிறிஸ்தவ வீட்டுக்காரர். நல்ல மனிதர். “ஒங்க சபை ஐயர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே பால் காய்ச்சுங்க” என்றார். எந்தப் பாதிரி ஐயர் வருவார்? அவர்கள் கோயிலில் நடக்காத கல்யாணம். திரும்பி நடந்து ரயில்வே கேட் பக்கம் வந்ததும் இவர், “பிள்ளையை எங்கன பெறுவ?” என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னைக் கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. “ஆஸ்பத்திரியில” என்றேன். “பெத்துட்டு எங்கன போவ?” என்றார். வாய்க்குப் பஞ்சமில்லாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு அந்தப் பெயரும் போயிற்று.

கமிட்டி கூடும் வாரத்தில்தான் பாய் பட்டறையைப் பற்றி யாரோ சொன்னார்கள். பார்க்கிறேன் என்று மட்டும் பாய் சொன்னார். தட்டிப் பார்த்தார். சுரண்டிப் பார்த்தார். பெயின்ட்டுதான் நிற்கிறது என்று சொல்லிவிட்டார்.

இவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

“ஒரு ஒட்டு, பாய். பட்டை இருந்த எடத்துல மட்டும் ஒரு தகடு வச்சு ஒட்டிக் குடுங்க. மேட்ரன் அம்மா முன்னால நான் நின்னுக்கிடுதேன். நீங்க வர வேண்டாம்.”

“தகட்டை எதுல ஒட்ட, தம்பி? ஒட்டுததுக்கு இரும்பு வேணும்லா. தீயைக் காட்டினா ஓட்டை பெருசாகும். ஒருவேளை ஒட்டிக்கிட்டாலும் கேஸை நெறச்ச மறுநா, அதுக்குப் பக்கத்துல பிடுங்கிக்கிட்டுப் போவும்.”

“அப்ப சாத்தூருக்குக் கொண்டு போறேன். அங்கன ஒருத்தர் வைக்காராம்.”

“வைப்பான். துட்டு குடுத்தா எதுலயும் வைப்பான். நீங்களும் மாட்டுவீங்க. இந்தப் பிள்ளை அதுக்கு மேலதான் படுக்கணும்.”

“வேற எங்க படுக்கும்?” என்றார் இவர். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “நீங்களே சொல்லுங்க பாய். டேங்கு இல்லைன்னா வண்டி இல்ல. வண்டி இல்லைன்னா இவளை எங்கன படுக்க வைப்பேன்? ரோட்டுலயா? ஊர்ல ஒரு கதவு விடாம தட்டிட்டு வாரேன். வெடிச்சா ஒரு நாள்ல போயிரும், அவ்வளவுதான? தெருவுல கெடந்தா தெனம் தெனம் சாவணும்.”

பட்டறையின் பின்பக்கம் பாயின் வீடு. கதவிடுக்கில் பாயின் மனைவி நின்று கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. வெடிக்கட்டும் என்றும் தோன்றியது. வேண்டாம் என்றும் தோன்றியது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு பக்கமாகப் புரண்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் குனிந்து டேங்கின் ஒரு முனையைப் பிடித்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு வண்டியில் ஏற்றுவதற்காகத்தான். உள்ளே தண்ணீர் இருந்ததால் அது அசையவில்லை. மறுபடி பலம் கொடுத்து இழுத்தார். மரக்கட்டை கிறீச்சிட்டது.

பாய் அவரைத் தடுக்கவில்லை. பெஞ்சுக்குப் போய் ஒரு கூர் உளியை எடுத்துக்கொண்டு வந்தார். டேங்கின் அடிப்பக்கம் உட்கார்ந்து, சுரண்டின இடத்தில் உளியை வைத்து, கையிலிருந்த அதே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பலமாகக்கூடத் தட்டவில்லை. உளி வாழைத்தண்டில் இறங்குவதுபோல் உள்ளே போனது. இழுத்ததும் தண்ணீர் விரல் பருமனுக்குப் பீச்சி அடித்தது. பூண்டு அழுகின மாதிரி நாற்றம் பட்டறை முழுக்கப் பரவியது. பாயின் கைலி நனைந்தது. அவர் நகரவில்லை. உளியை இன்னும் இரண்டு இடத்தில் வைத்துத் தட்டினார். இனி சாத்தூரிலும் ஒட்ட முடியாது, சந்திரமண்டலத்திலும் ஒட்ட முடியாது.

இவர் டேங்கைப் பிடித்திருந்த கையை விட்டார். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்ற வண்டிச் சக்கரம்வரை ஓடிற்று. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பாயைத் திட்டவேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. யாருடைய வீட்டை யார் உடைப்பது? வாயைத் திறந்தேன். ஆனால் பாய் அங்கே நிற்கவில்லை.

பட்டறைக்கு ஓரத்தில், வீட்டை ஒட்டி, ஒரு கட்டில் கொள்ளும் அளவில், தகரக் கதவு போட்ட அறை ஒன்று இருந்தது. வெல்டிங் கேஸ் உண்டாக்கும் கார்பைடு கல் டின்களை நனையாமல் வைக்கிற அறை. பாய் அதன் பூட்டைத் திறந்தார். டின்களை ஒவ்வொன்றாக உருட்டி வெளியே கொண்டுவந்து, ஈரம் படாத இடமாகப் பார்த்துப் பட்டறைப் பெஞ்சுக்கு மேல் தூக்கி வைத்தார். மூச்சு வாங்கியது. கடைசி டின்னும் வந்தபின் கதவிடுக்கைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் மனைவி உள்ளிருந்து விளக்குமாற்றை நீட்டினாள். பாய் அதை வாங்கிக்கொண்டு, எங்கள் இருவர் பக்கமும் திரும்பாமல், நனைந்த கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அந்த அறையைப் பெருக்க ஆரம்பித்தார்.